கடலுக்கு ஊற்றிய ஜலம்

திருத்தணியில் கடல் இருந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மலை இருக்கிறது, மலைமேல் முருகன் இருக்கிறான், கீழே குளம் இருக்கிறது, குளத்தில் தண்ணீர் இருந்தால் இருக்கிறது. கடல் பார்க்க ஆசைப்பட்டால் ரயிலேறிச் சென்னைக்குத்தான் போகவேண்டும். ஆனாலும் இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் கோடைவரைக்கும், மலையடிவாரத்து ஓட்டு வீடு ஒன்றின் கூடத்தில், நாலடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல் உயிரோடு இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் கணேஷ்ராம். அதைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்துப் பாடுபட்டவள் அவர் பெண்டாட்டி தேவசேனா. காப்பாற்றிய லட்சணத்தைத்தான் சொல்லவேண்டும்.

இரண்டு பேர் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் மடப்பள்ளியில் கரண்டி பிடித்த குடும்பம். கணேஷ்ராம் மட்டும் சின்ன வயசிலேயே புளியோதரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மோட்டார் ரிப்பேருக்குப் போய்விட்டார். ரயில்வே கேட் பக்கத்தில் காயில் கட்டும் கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றித் தருவார். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு விவசாயிகள் மோட்டாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள். 'ஐயரு சுத்தின காயிலு மறுபடி எரியாது' என்று ஒரு பெயர்.

சென்னையில் ஒரு பெரிய வீட்டில் மீன்தொட்டி மோட்டார் ரிப்பேர் என்று ஒரு நாள் கூப்பிட்டார்கள். போனார், பார்த்தார், மோட்டாரைச் சரி செய்தார், அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்தவருக்குச் சாதம் இறங்கவில்லை. "தேவி, அது ஆத்து மீன் இல்லைடி. சமுத்திரத்து மீன். சமுத்திரத்தையே வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்கான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து நாலடித் தொட்டி வந்தது. கொளத்தூரில் பரந்தாமன் என்கிற கடைக்காரரிடமிருந்து கடல் உப்பு மூட்டையாக வந்தது. பிறகு பாறை, பாறைமேல் உட்காரப் பூப்போல விரியும் கடல் சாமந்தி ஒன்று, அந்தச் சாமந்திக்குள் குடியிருக்க ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன், மீசை வைத்த சிவப்பு இறால் ஒன்று, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகரும் நத்தைகள்.

மடப்பள்ளி வம்சத்து வீட்டில் இறால் என்றால் தெரு சும்மா இருக்குமா? "என்ன மாமி, குழம்பு என்னைக்கு?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. தேவசேனாவுக்கு ஆரம்பத்தில் அவமானமாகத்தான் இருந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு, மனுஷன் எதையாவது கொஞ்சிவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். பிறகு அவளுக்கே பழகிவிட்டது. அந்த மீன்களின் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டைகள் பட்டை பட்டையாக விபூதி இட்டதுபோல இருந்தது ஒரு காரணம். கணேஷ்ராம் சுத்தபத்தத்தைக் கற்றுக்கொண்டது இன்னொரு காரணம். எத்தனை வருஷம் சொல்லியும் கடையிலிருந்து வந்த கையோடு அடுக்களைக்குள் நுழைகிற மனுஷன், தொட்டியைத் தொடுவதற்கு முன்னால் முழங்கைவரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். நகக்கண்ணைக்கூட விடமாட்டார். ஸ்வாமி செய்யாத காரியத்தை மீன் செய்துவிட்டது, மனுஷனுக்கு மடி வந்துவிட்டது என்று தேவசேனா உள்ளூர மகிழ்ந்துபோனாள்.

தொட்டியைவிட அவருக்குப் பெருமை, தானே செய்த ஆட்டோ டாப்அப்தான். திருத்தணி வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை இறங்கிவிடும். "தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு உள்ளேயே தங்கிடும். ஜலம் குறையக் குறையக் கரிப்பு ஏறும், அதுகளுக்கு ஆகாது. அதனால உப்பில்லாத சுத்த ஜலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுண்டே இருக்கணும்" என்று அவளுக்குப் பாடம் நடத்துவார். அதற்காகத் தொட்டிக்குள் ஒரு சின்ன மிதவை. பக்கத்து முக்காலியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் ஆர்.ஓ. மிஷினில் பிடித்த சுத்தத் தண்ணீர், தண்ணீருக்குள் ஏர்கூலரிலிருந்து கழற்றிய குட்டி மோட்டார். தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும். மோட்டார் கர்ர்ரென்று ஓடி, குழாய் வழியாக வாளித் தண்ணீரைத் தொட்டியில் விடும். மட்டம் ஏறியதும் தானே நின்றுவிடும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தேவசேனா, "உங்க சமுத்திரத்துக்குத் தாகம் எடுத்துடுத்து" என்பாள். அவர் சிரிப்பார். பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் அவர்களுக்குள் இருந்த வேடிக்கைப் பேச்சு அந்த ஒன்றுதான்.

மாசி மாதம் ஒரு காலையில் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். கூட வேலை செய்கிற கூட்டாளி டில்லிபாபுதான் தூக்கிக்கொண்டு ஓடினான். உயிர் தப்பியது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் தேவசேனாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "புத்தி நல்லா இருக்கும்மா. எல்லாம் புரியுது, சொல்லத்தான் முடியல. எதுல அவருக்கு நாட்டமோ அதைக் கண்ணுக்கு முன்னாடியே வைங்க. மனசு விட்டுடக் கூடாது. விட்டுட்டார்னா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்லை."

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினால் கணேஷ்ராம் எதையும் பார்க்கவில்லை. மலையிலிருந்து விபூதி கொண்டுவந்து நெற்றியில் இட்ட மச்சினர் பத்ரிநாராயணனைப் பார்க்கவில்லை. மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிய டில்லிபாபுவைப் பார்க்கவில்லை. கூரை ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குட்டி மோட்டார் கர்ர்ரென்று ஓடியது. கண் மெதுவாகத் திரும்பித் தொட்டியின் தண்ணீர் மட்டத்தில் போய் நின்றது. மோட்டார் நின்றதும் கண் மீனைத் தேடியது.

தேவசேனா அன்றைக்கே கட்டிலை இழுத்துத் தொட்டிக்கு எதிரே போட்டாள். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்துவிட்டது. இந்தத் தொட்டி உயிரோடு இருக்கிறவரைக்கும் இவர் பார்ப்பார், பார்க்கிறவரைக்கும் மனசு விடமாட்டார், மனசு விடாத மனுஷனுக்குப் பேச்சு வராமல் எங்கே போகும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அது தப்புக் கணக்கு இல்லை. அதுதான் கொடுமை.

அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தொட்டியைக் காத்தாள். கரண்ட் போனால் டில்லிபாபு பொருத்திவிட்ட பேட்டரிக்கு ஓடினாள். உப்பு மானியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஸ்வாமிக்கு விளக்கேற்ற மறந்தாலும் மீனுக்குத் தீனி போட மறக்கவில்லை. குளித்துவிட்டு, ஈரத்தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, கையைக் கழுவிக்கொண்டு அவர் செய்ததைப் போலவே செய்தாள். கணேஷ்ராமின் கண் அவள் கையோடு போகும், கையோடு வரும். அவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருக்கும், அத்தனை சந்தோஷம்.

சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் வாளி விரிசல் விட்டது. அவள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் வாளித் தண்ணீர் கூடமெல்லாம் ஓடியிருந்தது. மோட்டார் வெறுமனே கத்திக்கொண்டிருந்தது. கணேஷ்ராம் வியர்த்து விறுவிறுத்துக் கிடந்தார். தேவசேனா மோட்டாரை நிறுத்தினாள். டில்லிபாபுவுக்குப் போன் போட்டாள்.

"நான் பள்ளிப்பட்டாண்ட போர்ல மோட்டார் எறக்கிகினு இருக்கேன் மாமி. நாளைக்குக் காலைல அரக்கோணத்துல நல்ல டிரம்மா பாத்து வாங்கியாறேன். இன்னிக்கு வூட்ல எது இருக்குதோ அத்த வச்சி ஓட்டுங்க."

வீட்டில் எது இருந்தது? அடுக்களைப் பரணில் ஒரு செம்புத் தவலை இருந்தது. தேவசேனா கல்யாணத்துக்கு அவள் பிறந்தகம் சீராகக் கொடுத்தது. ஒரு குடம் தாராளமாகப் பிடிக்கும், வாய் அகலம். மடப்பள்ளியில் ஸ்வாமி நைவேத்தியத்துக்கு ஜலம் பிடித்து வைப்பதே செம்பில்தான். பிளாஸ்டிக்கில் இருப்பது தண்ணீர், செம்பில் இருப்பதுதான் ஜலம் என்று அந்தக் குடும்பங்களில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவ்வளவு நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இவர் உயிர் இந்தத் தொட்டியில் இருக்கிறது, அதற்குப் போய்ப் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேனே என்று நினைத்தாள்.

கணேஷ்ராம் முன்பு ஒரு தரம் சொல்லியிருந்தார், இரும்பு கிரும்பு எதுவும் தொட்டிகிட்ட வராமல் பார்த்துக்கொள் என்று. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரும்பு துரு விடும், தீட்டு. செம்பு அவள் கணக்கில் அந்த ஜாதியிலேயே சேர்த்தி இல்லை. புளி போட்டுத் தேய்த்தாள். தவலை உதயசூரியன் மாதிரி ஜொலித்தது. வாய்விளிம்பில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். முக்காலியில் ஏற்றி, ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பி, குட்டி மோட்டாரை உள்ளே இறக்கினாள். "உங்க சமுத்திரத்துக்கு என் சீர் பாத்திரம். சரிதானே?" என்று கட்டில் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

தொண்டையின் அடியிலிருந்து, கதவு இடுக்கில் காற்று நுழைகிறதுபோல ஒரு சத்தம். சொல் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் சத்தம். கூடவே இடது கை எழுந்து கட்டில் சட்டத்தில் விழுந்தது. ஒரு தரம், இன்னொரு தரம். கண் தவலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாசிக்கப்புறம் அந்த வாயிலிருந்து வந்த முதல் சத்தம். தேவசேனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரசாதத் தூக்கோடு அப்போதுதான் உள்ளே வந்த பத்ரிநாராயணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, கேட்டேளா? நம்மாத்துத் தவலையைப் பார்த்ததும் சத்தம் வந்துடுத்து."

"கேட்டேன்டி. முருகன் கண்ணைத் திறந்துட்டான்" என்று அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு மலை இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "இனிமே இந்தத் தவலையை எடுக்காதே. இதுல ஏதோ இருக்கு."

அவர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. இருந்தது.

மறுநாள் டில்லிபாபு சொன்னபடி நீல நிற டிரம்மோடு வந்து நின்றான். தேவசேனா சிரித்துக்கொண்டே அதைக் கொல்லைப்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டாள். அவன் தவலையைத் தட்டிப் பார்த்தான். "நல்ல கெட்டிங்க மாமி. இந்தக் காலத்துல எங்க கெடைக்குது" என்றான். நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடு புழங்குகிறவன். மோட்டாரைப் பற்றி எல்லாம் தெரியும், மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவனைக் குற்றம் சொல்லி என்ன?

அன்றிலிருந்து தினமும் காலையில் அது ஒரு பூஜை மாதிரி ஆயிற்று. தவலையில் மீந்த தண்ணீரைக் கொட்டிவிடுவாள். பழைய ஜலம் ஆகாதே. புளி போட்டுத் தேய்ப்பாள், நிரப்புவாள். அவர் பார்க்கிறமாதிரி நடுக்கூடத்தில் நின்று நிதானமாகச் செய்வாள். ஒவ்வொரு காலையும் அவர் சத்தம் போட்டார். நாளாக ஆகச் சத்தம் பெரிதாயிற்று. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு காலை தலையைக்கூடத் தலையணையிலிருந்து அரை அங்குலம் தூக்கினார். தேவசேனா போனில் டாக்டரிடம் சொன்னாள். டாக்டருக்கும் சந்தோஷம். "வெரிகுட், எதைச் செஞ்சா சத்தம் போடறாரோ அதை விடாம செய்யுங்க" என்றார். அவள் விடாமல் செய்தாள். அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்கவேண்டும் என்பதற்காகவே சாயங்காலமும் தவலையை ஒரு தரம் கவிழ்த்து நிரப்பினாள். அன்றைக்கு அவர் கட்டில் சட்டத்தில் அடித்த அடியில் விரல்முட்டி கன்றிப்போயிற்று. ஐயோ, கை நோகுமே என்று பழைய வேஷ்டித் துணியைக் கிழித்து, அந்தக் கையைச் சுற்றி மெத்தென்று கட்டிவிட்டாள். அதற்கப்புறம் அடித்தால் சத்தம் வெளியே கேட்கவில்லை.

முதலில் போனது நத்தை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக உதிர்ந்து மணலில் மல்லாந்து கிடந்தன. வெயில் என்று நினைத்தாள். கொஞ்ச நாளில் மீசை இறால் பாறை இடுக்கில் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. சட்டை உரித்திருக்கிறது, அவர் முன்பு காட்டியிருக்கிறாரே என்று பார்த்தால், அது சட்டை இல்லை, இறாலேதான். உப்பு மானியில் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. டில்லிபாபுவை வரச் சொன்னாள். அவன் தொட்டி மோட்டார், பேட்டரி, மிதவை எல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டா ஓடிக்கினுதான் இருக்குது" என்றான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெயில் ஏற ஏறக் கடலுக்குத் தாகம் அதிகமாயிற்று. மோட்டார் நாளுக்கு எத்தனையோ தரம் ஓடித் தவலைத் தண்ணீரைக் கடலுக்குப் புகட்டியது.

கடைசியில் சாமந்தி சுருங்க ஆரம்பித்தது. ஒரு தட்டு அகலத்துக்குப் பூத்துக் கிடந்தது கிண்ணத்து அளவாயிற்று, பிறகு முஷ்டி அளவாயிற்று. மீன் இரண்டும் அதற்குள் நுழைய இடமில்லாமல் அதன்மேலேயே முட்டிக்கொண்டிருந்தன. தேவசேனா பயந்துபோனாள். பயந்தவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். இன்னும் நன்றாகத் தேய்த்தாள், இன்னும் சுத்தமாக நிரப்பினாள். கணேஷ்ராம் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சத்தம் இப்போது சத்தமாகக்கூட இல்லை, இழுத்து இழுத்து ஒரு முனகல். "சாமந்திக்கு ஒண்ணும் ஆகாதுன்னா. நான் பார்த்துண்டுதானே இருக்கேன்" என்று துடைத்துவிட்டாள்.

வைகாசி முடிகிற சமயம், ஒரு காலையில் அவள் தவலையைக் கவிழ்த்தபோது சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். விழித்துக்கொண்டுதான் இருந்தார். தவலையைப் பார்க்கவில்லை, கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியில் சாமந்தி பாறையை விட்டுக் கழன்று, சளி மாதிரி கரைந்து, மூலையில் ஒதுங்கியிருந்தது. மீன் இரண்டும் குழாய்வாயில் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கூடம் முழுக்க ஒரு நாற்றம்.

கணேஷ்ராம் போனில் பரந்தாமன் நம்பர் இருந்தது. அதை அழுத்தினாள். தொட்டியைப் பற்றிக் கேட்க இத்தனை நாள் ஏன் அவருக்குப் போன் பண்ணவில்லை என்று பிற்பாடு ஆயிரம் தரம் தன்னையே கேட்டுக்கொண்டாள். பேசினால், ஐயர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார். அதைச் சொல்லித் திரும்பத் திரும்ப அழ அவளுக்குத் தெம்பு இல்லை. அவ்வளவுதான் காரணம்.

பரந்தாமன் பொறுமையாகத்தான் கேட்டார். உப்பு என்ன, சூடு என்ன, தீனி என்ன, மருந்து ஏதாவது போட்டீர்களா என்று.

"மருந்தெல்லாம் ஒண்ணும் போடலை. டாப்அப்புக்கு அதே ஆர்.ஓ. ஜலம்தான். அதுவும் சுத்தமா செம்புத் தவலையில வச்சு..."

பரந்தாமன் குறுக்கிட்டார்.

"செம்பாம்மா?"

"ஆமாம். தினம் புளி போட்டுத் தேய்ச்சு..."

"அம்மா, செம்பு இதுங்களுக்கு வெஷங்க. மீனு ஓரளவு தாங்கும். பூ, இறாலு, நத்தை எதுவும் தாங்காது, துளி போனாலே போச்சு. ஆர்.ஓ. தண்ணி செம்பை வேற கரைச்சுகினு வரும், அதுல புளி வேற." அவர் குரல் தணிந்தது. "சாமிக்கு இது நல்லாத் தெரியுமேம்மா. அவரு தொழிலே செம்புக் கம்பி. எங்கிட்ட மொத மொத மீன் எடுத்தப்பவே கேட்டாரு, கையில செம்புத் தூள் இருந்தா ஒண்ணும் ஆகாதாங்கன்னு. முழங்கை வரைக்கும் கழுவிட்டுத் தொடுங்க சாமின்னு நான்தான் சொன்னேன். அவரு பக்கத்துல இல்லீங்களா? உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையா?"

தேவசேனா போனை வைத்தாள். 

சொல்லவில்லையா? முதல் நாளே சொன்னார். தினம் தினம் சொன்னார். கழுத்து நரம்பு தெறிக்க, கட்டில் சட்டத்தில் கை கன்றச் சொன்னார். அவள் அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினாள், டாக்டரிடம் சொல்லிப் பூரித்தாள், சாயங்காலம் இன்னொரு தரம் சொல்லவைத்துக் கேட்டு ரசித்தாள். கடைசியில் அவருக்கு வாயாக இருந்த அந்தக் கையையும் துணி வைத்துக் கட்டினாள்.

கட்டிலுக்கு வந்து உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். விரல்முட்டிகள் கறுத்துப்போயிருந்தன. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுன்னா" என்றாள். அவர் கண் ஓட்டிலேயே இருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாது. நல்லதுன்னு நினைச்சுத்தான்..."  மனுஷன் பேச்சைத் திரும்பக் கேட்கவேண்டும் என்று மலைக்குப் படியேறி வேண்டிக்கொண்டவள். அவர் பேசினார். அவளுக்குத்தான் புரியவில்லை.

அன்றைக்கே தவலை பரணுக்குப் போயிற்று, நீல டிரம் முக்காலிக்கு வந்தது. டில்லிபாபு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். கொளத்தூருக்கு ஓடிப் புது உப்பு கொண்டுவந்து கரைத்து, தொட்டித் தண்ணீரைப் பாதிப் பாதியாக இரண்டு மூன்று தரம் மாற்றினான். பரந்தாமன் கொடுத்தனுப்பிய கரியை மூட்டை கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டான். மீன் இரண்டும் பிழைத்துவிட்டன. பத்ரிநாராயணனிடமும் அவள் சொன்னாள். "ஸ்வாமிக்கே அதுலதானேடி வைக்கறோம்" என்று மட்டும் அவர் சொன்னார். அப்புறம் பிரசாதத் தூக்கை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

கணேஷ்ராம் தொட்டியைப் பார்ப்பதில்லை. புண் வராமல் இருக்க அவள் அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தால் கண் திறந்திருக்கும். தொட்டிப்பக்கம் திருப்பினால் மூடிக்கொள்ளும். மோட்டார் ஓடினாலும் திறக்காது. கஞ்சி புகட்டினால் பாதி கடைவாயில் வழிந்துவிடும். டாக்டர் வந்து பார்த்தார். கண்ணில் விளக்கடித்தார், காலைச் சுரண்டினார், கையைத் தூக்கி விட்டார். "உடம்பு அப்படியேதான் இருக்கு. அவர்தான் முயற்சி பண்ணலை" என்றார். ஏன் என்று கேட்டார். தேவசேனா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அவள் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். மீனுக்குத் தீனி போடும்போது பேசிக்கொண்டே போட்டாள். மோட்டார் ஓடினால், "உங்க சமுத்திரத்துக்குத் தாகம் எடுத்துடுத்து" என்றாள். இன்னொரு சாமந்தி வாங்கலாமா என்று கேட்டாள். திட்டுங்கோளேன் என்றாள். கோபம்கூட வராத முகத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். காவடி காவடியாக மலையேறிக்கொண்டிருந்தது. பம்பைச் சத்தமும் அரோகராவும் ஓட்டின்மேல் வந்து விழுந்தன. பத்ரிநாராயணனுக்கு மடப்பள்ளியை விட்டு அசைய நேரமில்லை. தெருவில் வீட்டுக்கு வீடு உறவுக்காரர்கள். தேவசேனா வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அவள் கணேஷ்ராமைத் துடைத்து, புது வேஷ்டி சுற்றி, விபூதி இட்டு, தொட்டிப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். வழக்கம்போலக் கண் மூடிக்கொண்டது.

அவள் அடுக்களைக்குப் போய்ப் பரணிலிருந்து தவலையை இறக்கினாள். களிம்பு ஏறிப் பச்சை பூத்திருந்தது. தேய்க்கவில்லை. அப்படியே தண்ணீர் நிரப்பினாள். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள், தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணைத் திறந்து பாருங்கோ."

திறக்கவில்லை.

"தவலையைக் கொண்டுவந்திருக்கேன். இதுல இருக்கறதை அப்படியே கவிழ்க்கப்போறேன். மிச்சம் இருக்கற ரெண்டும் போயிடும்."

கண் திறந்தது. தவலையைப் பார்த்தது. அதன் விளிம்பில் நெளிந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தது. கீழே குழாய்வாயில் ஒட்டிக்கொண்டு நின்ற இரண்டு மீனையும் பார்த்தது. அப்புறம் அவள் முகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவர் அவளை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"வேண்டாம்னு சொல்லுங்கோ" என்றாள். "வார்த்தை வேண்டாம், பழைய மாதிரி ஒரு சத்தம் போதும். சட்டத்துல ஒரு அடி அடிங்கோ. இந்தத் தரம் எனக்குப் புரியும்னா. சத்தியமாப் புரியும்."

 தவலை சாய்ந்து ஒரு விரல் அளவு தண்ணீர் விளிம்பு தாண்டி அவள் புடவையில் வழிந்தது. வெளியே ஒரு காவடி தெருவைக் கடந்து போயிற்று. அவர் இடது கை படுக்கையில் கிடந்தது. அதில் துணியும் இல்லை, கட்டும் இல்லை. சட்டம் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

கணேஷ்ராம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சாய்த்தால் சாய்த்துக்கொள் என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

தொட்டியில் மிதவை இறங்கியது. மோட்டார் கர்ர்ரென்று ஓடி, டிரம்மிலிருந்து தண்ணீரை எடுத்து ஊற்றி, நின்றது. தேவசேனா தவலையைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.